கோச் சொன்னது கைக்கு எப்படிப் போகும்? வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பயிற்சியாளர்களிடமிருந்து வந்தவை. விளையாட்டு வேறு வேறு. சிக்கல் ஒன்றுபோல இருந்ததால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: பல ஆண்டுகள் பாட்மிண்டன் போட்டிகளில் ஆடியவன் நான். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் கைக்குத் தெரிந்தது வாய்க்கு வர மறுக்கிறது. “இப்படி அடி” என்று அடித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறேன். நன்றாக ஆடியவனுக்கு ஏன் இந்தத் திண்டாட்டம்?

பதில்: நன்றாக ஆடியதால்தான். ஒரு திறன் உடம்பில் படியும் வழியை ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967-இல் மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறோம். இரண்டாவதில் தப்பு குறைகிறது, அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மூன்றாவதில் யோசனையே தேவைப்படுவதில்லை. நீங்கள் நிற்பது மூன்றாவதில், உங்கள் மாணவர் முதலாவதில். நடுவில் இருந்த படிகளை ஏறி முடித்ததும் மூளை அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

நினைவில் இருப்பதாக நாம் நம்புவதும் தப்பாக இருக்கலாம். இது இன்னும் வம்பு. அமெரிக்க நீச்சல் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மேன் (ஒலிம்பிக் நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸுக்குப் பயிற்சி தந்தவர்) தண்ணீருக்கு அடியில் கேமரா வைத்துச் சிறந்த நீச்சல் வீரர்களைப் படமெடுத்தார். கையை நேராகப் பின்னுக்கு இழுப்பதாகத்தான் அதுவரை சொல்லியும் சொல்லிக்கொடுத்தும் வந்தார்கள். படத்திலோ கை வளைந்து வளைந்து போனது. அந்த வளைவு ஏன் உந்துதல் தருகிறது என்று அவர் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்த ஆய்வுகள் பெருமளவு திருத்திவிட்டன. படத்தில் கண்டது மட்டும் மாறவில்லை. பயிற்சியாளராக நீங்கள் எழுதிவைக்கும் எதிலும் ‘கண்டது’ தனி, ‘காரணம் என்று நினைப்பது’ தனி என்று பிரித்து எழுதுங்கள். பின்னது மாறும்.

மறந்துபோன படிகளை மீட்க எளிய வழி, பழக்கமில்லாத கையால் ஆடுவது. வலக்கைக்காரர் என்றால் இடக்கையால் முப்பது கிளியர் (ஷட்டிலை உயரமாக எதிராளியின் பின்கோடுவரை அனுப்பும் அடி) அடித்துப் பாருங்கள். தோள் திரும்பவில்லை, ஷட்டில் தலைக்குப் பின்னால் போய்விடுகிறது, பிடி இறுகிப்போகிறது என்று ஒவ்வொரு தடுமாற்றமும் எதிரே வரும். அவை வந்த வரிசையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாணவர் தடுமாறும் இடங்களும் பெரும்பாலும் அவைதான்.

அடுத்தது கண். ஆடும்போது எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டால் “ஷட்டிலைத்தான்” என்பீர்கள். அபெர்நெதியும் ரஸ்ஸலும் 1987-இல் பாட்மிண்டன் ஆட்டக்காரர்களிடம் செய்த சோதனையில் வேறு விடை வந்தது. எதிராளி அடிக்கும் காட்சியின் சில பகுதிகளை மறைத்துக் காட்டி, ஷட்டில் எங்கே விழும் என்று கேட்டார்கள். புதியவர்களுக்கு ராக்கெட் மட்டுமே தகவல் தந்தது. தேர்ந்தவர்கள் ராக்கெட்டைப் பிடித்திருக்கும் கையிலிருந்தும் படித்தார்கள், அதனால் முன்கூட்டியே படித்தார்கள். உங்கள் அனுபவத்தின் பெரும் பங்கு இப்படிப் பார்வையில் இருக்கிறது. அடித்துக் காட்டினால் அது மாணவருக்குத் தெரியாது. அவரை எதிர்ப்பக்கம் நிறுத்தி, நீங்கள் அடிக்கும் கணத்துக்கு முன்பே “முன்னால்” அல்லது “பின்னால்” என்று வாய்விட்டுச் சொல்லவையுங்கள். இருபதில் எத்தனை சரி என்று எண்ணுங்கள்.

கேள்வி: சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டேன். இனி எதிலிருந்து கற்பது?

பதில்: வகுப்பு தருவது விதிமுறை, உடற்கூறு, காயத் தடுப்பு, பயிற்சித் திட்டத்தின் எலும்புக்கூடு. அவை வேண்டும்தான். மீதியை இரண்டு இடத்தில் தேட வேண்டும்: மற்றப் பயிற்சியாளர்களின் களம், உங்கள் சொந்தக் குறிப்பேடு.

இன்னொருவர் பயிற்சியைப் பார்க்கப் போனால் பந்தைப் பார்க்காதீர்கள், பயிற்சியாளரைப் பாருங்கள். எத்தனை முறை ஆட்டத்தை நிறுத்தினார், நிறுத்தி எத்தனை விநாடி பேசினார், பேசிய பின் அந்த வீரருக்கு அதையே மறுபடி செய்ய வாய்ப்புக் கொடுத்தாரா என்று கோடு போட்டு எண்ணுங்கள். “அந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்?” என்ற கேள்வியை அன்று மாலைக்குள் கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவு அல்ல, நியாயம்தான் பதிலாக வரும்.

குறிப்பேட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், கண் ஏமாற்றும். கால்பந்து ஆட்டம் பார்த்தவர்களிடம் அதன் முக்கிய நிகழ்வுகளை நினைவிலிருந்து சொல்லச் சொல்லி ஃபிராங்க்ஸும் மில்லரும் 1986-இல் ஆராய்ந்தார்கள். சரியாகச் சொன்னது பாதிக்கும் குறைவு. நினைவில் தங்குபவை கோல், சண்டை, நடுவரின் தவறான முடிவு. அல்லது நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதற்குத் தோதான காட்சி. ‘இவன் எப்போதும் தாமதமாகத்தான் திரும்புவான்’ என்று முடிவுகட்டிய பிறகு, சரியான நேரத்தில் திரும்பிய ஏழு தடவை கண்ணில் படாது.

பயிற்சி முடிந்து பத்து நிமிடத்துக்குள் நான்கு வரி எழுதினால் போதும். இன்று எதைக் கற்பிக்க நினைத்தேன். என்ன கண்டேன் (இதில் எண் இருக்க வேண்டும்: 20 சர்வீஸில் 13 உள்ளே). எந்தச் சொல்லைச் சொன்னேன், சொன்ன அதே சொல்லில். நான்காவது வரியை மறுநாள்தான் எழுத முடியும்: நீங்கள் வாய் திறக்கும் முன், அந்த வீரரின் முதல் பத்து முயற்சி எப்படி இருந்தது. முதல் மூன்று வரியைப் பலர் எழுதுகிறார்கள். நான்காவதை எழுதுபவர் குறைவு. இரவு தாண்டியும் உடம்பில் தங்கியது எது என்று காட்டுவது அதுதான்.

கேள்வி: பயிற்சியில் பிரமாதமாக அடிக்கிறார்கள். போட்டி என்றால் எல்லாம் மறந்துபோகிறது. மன தைரியம் இல்லையா?

பதில்: மனத்தைக் குறைசொல்லும் முன் பயிற்சியின் வரிசையைப் பாருங்கள். ஐம்பது ஃபோர்ஹேண்ட், பிறகு ஐம்பது பேக்ஹேண்ட், பிறகு ஐம்பது சர்வீஸ் என்று ஒரே அடியை அடுக்கி அடிக்கவைத்தால், மூன்றாவது அடியிலிருந்தே யோசிக்க வேண்டிய வேலை தீர்ந்துபோகிறது. போன அடியையே திரும்பப் போடுகிறார், அவ்வளவுதான். போட்டியில் ஒரே பந்து இரண்டு முறை வராது. என்ன வருகிறது என்று படிப்பது, எதை அடிப்பது என்று தேர்வது, அதற்கு உடம்பைத் தயார் செய்வது: இந்த மூன்றையும் பயிற்சியில் நீங்கள்தான் அவருக்காகச் செய்து முடித்துவிட்டீர்கள்.

ஷே, மார்கன் இருவரும் 1979-இல் ஆய்வகத்தில் இதைக் காட்டினார்கள். ஒன்றையே அடுக்காமல் பல அசைவுகளைக் கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது மோசமாகவும் பிறகு வைத்த சோதனையில் நன்றாகவும் செய்தார்கள். பாட்மிண்டனில் மூன்று வகை சர்வீஸை வைத்து குட், மேகில் 1986-இல் செய்த ஆய்விலும் அதே முடிவு. பழகாத பக்கத்திலிருந்து போடச் சொன்னபோதும் கலந்து பயின்றவர்களே முன்னால் நின்றார்கள். இவற்றைவிட நமக்கு நெருக்கமானது கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் 1994-இல் நடந்த ஆய்வு. வழக்கமான பயிற்சிக்கு மேல் வாரம் இரண்டு நாள், ஆறு வாரம், நாளுக்கு 45 பந்து. ஒரு குழுவுக்கு வேகப்பந்து 15, வளைபந்து 15, வேகம் குறைத்த பந்து 15 என்று அடுக்கி வீசினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே 45, ஆனால் எது வரும் என்று தெரியாத கலவை. கலவைக் குழுவின் முன்னேற்றம் 57 சதவீதம், அடுக்குக் குழுவுக்கு 25, கூடுதல் பயிற்சி இல்லாதவர்களுக்கு 6. பந்தின் எண்ணிக்கை ஒன்றே; மாறியது வரிசை.

அப்படியானால் நாளை முதல் எல்லாவற்றையும் கலக்கிவிடலாமா? வேண்டாம். அடியின் உருவமே பிடிபடாத புதியவருக்கும் சிறு பிள்ளைக்கும் கலவையின் ஆதாயம் குறைவு, சில சமயம் குழப்பம்தான் மிச்சம். பத்தில் ஆறு அடியாவது உருவம் கெடாமல் வரும்வரை ஒரே அடியாகவே கொடுங்கள். பிறகு இரண்டு அடிகளை மாற்றி மாற்றி. அது பிடிபட்டதும் மூன்று அடிகளை வரிசை சொல்லாமல். (பத்தில் ஆறு என்பது ஆய்வுக் கணக்கு அல்ல, களத்துக்கான கைக்கணக்கு. உங்கள் வீரரைப் பார்த்து ஐந்தோ ஏழோ ஆக்கிக்கொள்ளலாம்.)

இன்னொரு எச்சரிக்கை. கலவைக்கு மாறிய முதல் இரண்டு வாரம் பயிற்சி பார்க்க அசிங்கமாக இருக்கும். பந்து வலையில் விழும், வீரர் முகம் சுளிப்பார், வேடிக்கை பார்க்கும் பெற்றோர் “முன்னே நன்றாகத்தானே ஆடினான்” என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து பழைய அடுக்குக்கே திரும்புகிறவர்கள் நிறைய. முன்கூட்டியே சொல்லிவைத்து, இரண்டு நாள் இடைவெளிக்குப் பின் எடுத்த எண்ணிக்கையைக் காட்டுங்கள். பயிற்சியின் கடைசி ஐந்து நிமிட ஆட்டத்தை வைத்துக் கற்றலை எடைபோடுவது, சூடான தவாவில் மாவு பரவுவதைப் பார்த்துவிட்டுத் தோசை வெந்துவிட்டது என்பதுபோல.

கேள்வி: தப்பு செய்யும் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டுமா? சும்மா இருந்தால் தப்பே பழகிவிடாதா?

பதில்: ஒவ்வொரு முறையும் திருத்தினால் உங்கள் குரல் பழகிவிடும், அடி பழகாது. விடை பக்கத்திலேயே கிடைப்பதால் வீரர் தன் கை சொல்வதைக் கேட்பதில்லை. வின்ஸ்டீன், ஷ்மிட் 1990-இல் செய்த ஆய்வில் ஒரு குழுவுக்கு எல்லா முயற்சிக்கும், இன்னொரு குழுவுக்குப் பாதி முயற்சிக்கு மட்டும் முடிவைச் சொன்னார்கள். அந்தப் பாதியையும் தொடக்கத்தில் அடிக்கடி, போகப் போக அரிதாக. பிறகு யாரும் எதுவும் சொல்லாமல் சோதித்தபோது, குறைவாகக் கேட்டவர்களே மேல்.

களத்தில் இதைச் செய்ய ஒரு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். வாலிபால் சர்வீஸில் பந்தைத் தூக்கிப்போடும் இடம் ஒரு சாண் அளவு மாறினால் வாய் திறப்பதில்லை. அதைத் தாண்டினால் மட்டும் சொல்வது. வீரர் முன்னேற முன்னேற நீங்கள் தானாகவே மௌனமாகிவிடுவீர்கள். அந்த மௌனத்துக்கு ‘சரி’ என்று பொருள் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கோச் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

சொல்லும்முன் ஐந்து விநாடி பொறுங்கள். “எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். “கொஞ்சம் பின்னால் போட்டுவிட்டேன்” என்று அவரே சொல்லிவிட்டால் நீங்கள் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் சொன்னதும் நீங்கள் கண்டதும் பொருந்தவில்லை என்றால் அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

கேள்வி: பாராட்டு அதிகம் வேண்டுமா, கண்டிப்பு அதிகம் வேண்டுமா?

பதில்: இரண்டையும்விடத் தகவல் அதிகம் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 12 ஆண்டில் 10 தேசியப் பட்டங்களை வென்ற யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அணியின் பயிற்சியாளர் ஜான் வுடனை, அவர் ஓய்வு பெறும் முன் கடைசியாகப் பயிற்றுவித்த 1974–75 பருவத்தில் தார்ப், காலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் களத்தோரம் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். 15 பயிற்சிகளில் 2,326 செயல்கள். அவற்றில் முக்கால் பங்குக்குக் குறையாமல் எதை, எப்படிச் செய்வது என்ற தகவல். பாராட்டு 6.9 சதவீதம், கடிந்துகொள்வது 6.6 சதவீதம்.

கடிந்துகொண்டால்கூட அதோடு சரியான செயலும் உடனே வந்துவிடும்: ‘சொல்லியிருக்கிறேனே’ என்பதோடு நிற்காமல், என்ன செய்ய வேண்டும் என்பதும். அவர் செய்துகாட்டிய முறையும் கவனிக்க வேண்டியது. சரியான அசைவு, அடுத்து வீரர் செய்த தப்பு, மறுபடி சரியான அசைவு. எல்லாம் சில விநாடிக்குள். தப்பைக் கடைசியாகக் காட்டி முடித்தால் அதுதான் கண்ணில் நிற்கும்.

சிறுவர் அணி என்றால் தட்டு ஊக்கத்தின் பக்கம் சாய வேண்டும். முயற்சியைப் பாராட்டவும், தப்புக்குப் பின் ஊக்கத்தோடு திருத்தவும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குக் கற்பித்துவிட்டு, அடுத்த ஆண்டு எத்தனை பேர் ஆட வரவில்லை என்று பார்நெட், ஸ்மால், ஸ்மித் 1992-இல் கணக்கெடுத்தார்கள். அப்படிக் கற்ற பயிற்சியாளர்களிடம் விலகியவர்கள் 5 சதவீதம், மற்றவர்களிடம் 26. வெற்றி தோல்வியில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆட வராத பிள்ளைக்கு எந்த நுட்பத்தைக் கற்பிப்பது?

கேள்வி: டேபிள் டென்னிஸில் டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழலும்படி உரசி அடிப்பது) கற்பிக்கிறேன். “முழங்கையை மடி, மணிக்கட்டைத் தளர்த்து, இடுப்பைத் திருப்பு” என்று சரியாகத்தான் சொல்கிறேன். கேட்கக் கேட்க மாணவி மரக்கட்டைபோல விறைத்துப்போகிறாள்.

பதில்: மூன்று கட்டளையும் உடம்பைப் பற்றியவை. உடம்பைக் கவனிக்கச் சொன்னால் தானாக நடக்க வேண்டியதையும் அவள் கையால் பிடித்து நடத்தப் பார்க்கிறாள். கேப்ரியேல் வுல்ஃபும் அவருடைய சகாக்களும் 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் இதை ஆராய்ந்தார்கள். ஒரு குழுவுக்குக் காலால் அழுத்தச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குக் காலுக்கு அடியில் உள்ள சக்கரத்தை அழுத்தச் சொன்னார்கள். இடைவெளி ஓர் அங்குலமா இரண்டா, தெரியாது. கவனம் உடம்பைவிட்டு வெளியே போனதும் கற்றல் கூடியது.

உங்கள் டாப்ஸ்பினுக்கே விடை இருக்கிறது. லியாவோ, மாஸ்டர்ஸ் 2001-இல் புதியவர்களிடம் ஒரே ஒரு உவமை சொன்னார்கள்: ஒரு செங்கோண முக்கோணத்தை மனத்தில் வை, அதன் சாய்ந்த பக்கத்தில் மட்டை மேலேறிப் பந்தை உரசட்டும். பல விதிகளைக் கற்றவர்களுக்கு இணையாக அவர்கள் கற்றார்கள். கூடவே வேறு வேலை கொடுத்துக் கவனத்தைச் சிதறடித்தபோதும் அவர்கள் ஆட்டம் குலையவில்லை. முக்கோணம் பிடிக்காத பிள்ளைக்கு ‘சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே போ’ என்று சொல்லிப் பாருங்கள். உவமை அவளுக்குத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

இதில் இன்னொரு பலனும் உண்டு. மாஸ்டர்ஸ் 1992-இல் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் பயிற்சியை ஆராய்ந்தார். விதிகளை விரிவாகக் கற்றவர்கள் நெருக்கடியில் சறுக்கினார்கள். விதி தெரியாமல் பழகியவர்கள் சறுக்கவில்லை. பதற்றம் வந்ததும் தெரிந்த விதிகளையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு தன் கையையே மேற்பார்வை பார்க்கத் தொடங்குவதுதான் காரணம். உங்களுக்கு இருபது விவரம் தெரிந்திருக்கலாம், தெரிந்திருக்கவும் வேண்டும். அதில் எந்த ஒன்றை இன்று அவளிடம் சொல்வது என்று தேர்ந்தெடுக்கத்தான் மற்றப் பத்தொன்பதும்.

கேள்வி: சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர் என்கிறார்களே, வீரர்களை அப்படிப் பிரிக்கலாமா?

பதில்: நேரம் வீண். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லரும் சகாக்களும் 2008-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எல்லாருக்கும் காட்டுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், உடனே செய்யவிடுங்கள்.

கேள்வி: செல்போனில் படமெடுத்துக் காட்டுகிறேன். பெரிய பலன் இல்லையே?

பதில்: மூன்று இடத்தில் தப்பு நடக்கலாம். முதலாவது வேகம். விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும் ராக்கெட் தலை, விநாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். பந்தைத் தொடும் கணம் அந்த ஒரு மீட்டருக்குள் காணாமல் போகும். ஸ்லோமோஷனில் 240 படம் என்று வைத்தால் இடைவெளி 12.5 சென்டிமீட்டர். இரண்டாவது கோணம். அசைவு நடக்கும் தளத்துக்குச் செங்குத்தாக, இடுப்பு உயரத்தில், நிலையாக வையுங்கள். கையில் பிடித்துச் சாய்வாக எடுத்தால் முழங்கைக் கோணம் உண்மையைவிட வேறாகத் தெரியும். மூன்றாவது, நாலைந்து குறைகளை ஒரேயடியாகச் சொல்லிவிடுவது. ஒரு துண்டுப் படம், ஒரு விஷயம், அவரே முதலில் சொல்லட்டும், உடனே பத்து முயற்சி.

கேள்வி: உயரம் தாண்டும் ஒரு வீரர் நான் சொல்லும் முறையை ஏற்காமல் தன் பாணியிலேயே தாண்டுகிறார். எப்போது விட்டுக்கொடுப்பது?

பதில்: காயம் வருமா என்று முதலில் பாருங்கள். வரும் என்றால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். வராது என்றால் அளந்து பாருங்கள். அமெரிக்க உயரம் தாண்டும் வீரர் டிக் ஃபாஸ்பரி முதுகு கீழே வரத் தாண்டத் தொடங்கியபோது பயிற்சியாளர்கள் அவரைப் பழைய பாணிக்குத் திருப்பவே முயன்றார்கள். உயரம் கூடிக்கொண்டே போனதும் விட்டுவிட்டார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு அவர் பாணியைப் பயிற்சியாளர்கள் கற்கவேண்டியதாயிற்று. உங்கள் வீரருக்கு நான்கு வாரம் கொடுங்கள். இரு பாணியிலும் வாரம் ஒரு நாள், களைப்பில்லாத நேரத்தில், ஆறு தாண்டல், உயரத்தை எழுதிவையுங்கள். எண் யார் பக்கம் என்பதை இருவரும் ஏற்றுக்கொள்வதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேறு பொறுப்புக்கு மாறிப் போகிறேன். என் இடத்துக்கு வருபவருக்கு எதை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது?

பதில்: பயிற்சித் திட்டத்தை அவர் தானே எழுதிக்கொள்வார். ஒவ்வொரு வீரருக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள். பழைய காயம் எங்கே, எந்த அசைவில் வலி திரும்புகிறது. எந்தச் சொல் வேலை செய்தது, அதே சொல்லில்: ‘கதவைச் சாத்து’ என்றால் இடுப்பைத் திருப்புவார் என்று. எதை முயன்று பலிக்கவில்லை, எத்தனை வாரம் முயன்றீர்கள். இந்தக் கடைசி வரியை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்; இல்லாவிட்டால் வருபவர் அதே ஆறு வாரத்தை அதே வீரரிடம் மறுபடி செலவழிப்பார். முடிந்தால் இரண்டு வாரம் இருவரும் சேர்ந்தே களத்தில் நில்லுங்கள். முதல் வாரம் நீங்கள் நடத்துங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாவது வாரம் அவர் நடத்தட்டும், நீங்கள் களத்தோரம் குறிப்பேட்டோடு உட்காருங்கள்.